எலவனாசூர்க்கோட்டைப் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது?

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் பெருவழியில் எலவனாசூர்க்கோட்டை என்ற ஊர் இருக்கிறது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தென்னாட்டில் ஆதிக்கம் தேடிப் பொருத 18-ஆம் நூற்றாண்டில் அவ்வூர்க் கோட்டைக்கும் சரித்திரத்தில் ஒரு மூலை கிடைத்தது. அந்தக் காலம் மலையேறி நெடுநாளாயிற்று. இன்று அவ்வூருக்குச் சிறப்பென்று நாம் கருதுபவை இரண்டு. ஒன்று, சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பொறித்த சிவாலயம். மற்றொன்று, ஜூன் மாதம் பிறந்ததும் முதுகில் மூட்டையோடு பள்ளிக்கூடத்தை நோக்கி நடக்கும் குழந்தைகள். கல்வெட்டுகளைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். குழந்தைகளின் முதுகிலுள்ள மூட்டையைப் பற்றி நாம் இவ்வாரம் எழுத எண்ணுகிறோம்.

பாடத்திட்டம் என்ற சொல்லைக் கேட்டதும், "அது உபாத்தியாயர்கள் பாடு, சர்க்கார் பாடு, நமக்கு என்ன?" என்று நேயர்களில் சிலர் அடுத்த பக்கத்தைப் புரட்ட நினைக்கலாம். அவர்களைச் சற்றுப் பொறுக்கும்படி வேண்டிக்கொள்கிறோம். நம்மவர்கள் காணி நிலம் வாங்குவதாயிருந்தால் பட்டாவைப் பார்க்கிறார்கள், வில்லங்கம் பார்க்கிறார்கள், நாலு பெரியவர்களைக் கலந்துகொள்கிறார்கள். பெண்ணுக்கு வரன் தேடுவதானால் மூன்று தலைமுறையை விசாரிக்கிறார்கள். ஆனால் பெற்ற பிள்ளையின் பால்யம் முழுவதையும் ஒரு திட்டத்தினிடம் ஒப்புக்கொடுக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. "நன்றாகப் படிக்கிறானா? எத்தனை மார்க்கு?" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. என்ன படிக்கிறான், எதற்காகப் படிக்கிறான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

ஏழாயிரம் மணி நேரம்

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2009-ஆம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையில் வருஷத்துக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் போதனையும் இருக்கவேண்டுமென்று விதிக்கிறது. ஆறு முதல் எட்டு வகுப்புக்கு 220 நாட்கள், 1,000 மணி. ஐந்து வருஷத்துக்கு 4,000. மூன்று வருஷத்துக்கு 3,000. ஆக, ஒரு குழந்தைக்குச் சட்டப்படி கிடைக்கும் கட்டாயக் கல்வியின் முழு அளவு 7,000 மணி நேரம். இதற்குள்தான் தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சரித்திரம், பூகோளம், சித்திரம், விளையாட்டு எல்லாம் அடங்கவேண்டும்.

பாடத்திட்டம் என்பது இந்த 7,000 மணி நேரத்தைப் பங்கிடும் பத்திரமேயாகும். ஒன்றைச் சேர்த்தால் மற்றொன்றை எடுத்தாகவேண்டும். இந்த எளிய உண்மையை மறந்துவிடுவதால்தான், ஒவ்வொரு தலைமுறையிலும் பெரியவர்கள் "இதையும் சேருங்கள், அதையும் சேருங்கள்" என்று புத்தகத்தைப் பருக்க வைக்கிறார்கள். குழந்தையின் மணி நேரமோ பருப்பதில்லை. பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, 1993-ல் தன் அறிக்கைக்குச் "சுமையின்றிக் கற்றல்" என்ற பொருள்படப் பெயர் வைத்தது. முதுகில் சுமக்கும் பாரத்தைவிட, புரியாமல் படிப்பதன் பாரமே குழந்தையை அதிகமாக வாட்டுகிறது என்பதே அக்குழு கண்ட முடிவு.

கல்லில் வெட்டிய பாடத்திட்டம்

பாடத்திட்டம் வகுப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை என்று நினைக்கவேண்டாம். எலவனாசூர்க்கோட்டை 1993 வரையில் தென் ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பிறகு விழுப்புரம் ஜில்லாவுக்குப் போய், 2019 முதல் கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இருக்கிறது. அந்தப் பழைய தென் ஆற்காட்டிலேயே, விக்கிரவாண்டிக்கு அருகில் எண்ணாயிரம் என்ற ஊரில், முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கலாசாலையின் பாடத்திட்டம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் படிப்பவர்களுக்கு வியப்பு உண்டாகாமல் இராது.

அங்கே மாணாக்கர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். மாணாக்கரில் கீழ்நிலையினர் 270, மேல்நிலையினர் 70. கீழ்நிலையில் இருக்கு வேதத்துக்கு 75 பேர், யசுர் வேதத்துக்கு 75 பேர், ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலுக்கு 40 பேர் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் இடம் வரையறுத்திருந்தார்கள். மேல்நிலையில் வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. கீழ்நிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல்; மேல்நிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி. இவற்றுக்கெல்லாம் 45 வேலி நிலம் விட்டிருந்தார்கள்.

எந்தப் பாடத்தை எத்தனை பேர் படிப்பது, எது முன் எது பின், எவ்வளவு செலவு, அதற்கு வருமானம் எங்கே என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்தக் கல்வெட்டு விடை சொல்லிவிடுகிறது. திட்டமிட்டவர்களின் திறமையை நாம் மெச்சத்தான் வேண்டும். ஆனால் அதே கல்வெட்டு சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்றும் உண்டு. 45 வேலியையும் உழுது நெல் விளைவித்த குடியானவனின் பிள்ளைக்கு அந்த 340 இடங்களில் ஓர் இடமும் இல்லை. அவன் பேசிய தமிழுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. பாடத்திட்டம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், "யாருக்காக?" என்ற கேள்வியை அது முதலில் கேட்டுக்கொள்ளாவிட்டால், அந்த ஒழுங்கினால் ஊருக்குப் பிரயோஜனம் குறைவே.

திண்ணையும் எண்சுவடியும்

குடியானவன் பிள்ளைக்கும் வணிகன் பிள்ளைக்கும் பிற்காலத்தில் இடம் கொடுத்தது திண்ணைப் பள்ளிக்கூடம். சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் ஜில்லாதோறும் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். இராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தன என்று 1826-ல் அவர் எழுதிய குறிப்புக் கூறுகிறது. தென் ஆற்காட்டில் மட்டும் 875 பள்ளிகள். அவற்றில் படித்தவர் பத்தாயிரத்துச் சொச்சம். பெண் குழந்தைகளோ நூற்றுச் சொச்சம்தான்.

திண்ணைப் பள்ளியின் பாட வரிசையை நம் பாட்டனார்கள் நன்கு அறிவார்கள். மணலில் அரிச்சுவடி, பிறகு ஓலையில் எழுத்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், கணக்கில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று. பொன்னிலக்கத்தில் முந்திரி என்னும் 320-இல் ஒரு பங்கிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். நெல்லிலக்கத்தில் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு என்று ஏறி, நாழி, குறுணி, பதக்கு, தூணி கடந்து கலத்தில் போய் நிற்பார்கள். குழிமாற்றினால் நிலத்தின் பரப்பைக் கணக்கிடுவார்கள். வெளியே வரும்போது பையன் கடிதம் எழுதுவான், பத்திரம் படிப்பான், களத்து நெல்லுக்குக் கணக்குச் சொல்வான்.

இந்தத் திட்டத்தின் அழகு, வாழ்க்கைக்கும் பாடத்துக்கும் இடையே சுவர் இல்லாதிருந்தது. அதன் குறை, வாழ்க்கை எங்கே நின்றதோ அங்கேயே பாடமும் நின்றது. மனப்பாடமே முறை, பிரம்பே துணை. அன்றியும், மன்றோவின் கணக்கே காட்டுகிறபடி, பெண்களுக்கு அது ஏறக்குறைய மூடிய கதவு. தாழ்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளைப் பெரும்பாலான திண்ணைகள் ஏறவே விடவில்லை. பழமையைப் போற்றும்போது இதையும் சேர்த்து நினைப்பதே நேர்மை.

வார்தாவும் அரைநாள் பள்ளியும்

சுயராஜ்யத்தை நினைத்த பெரியவர்கள் பள்ளிக்கூடத்தையும் நினைத்தார்கள். 1937-ஆம் வருஷம் அக்டோபர் 22, 23 தேதிகளில் மகாத்மா காந்தி வார்தாவில் கல்வி மகாநாடு கூட்டினார். டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்து, ஏழு வருஷ ஆதாரக் கல்விக்குத் திட்டம் வகுத்தது. அதன் கால அட்டவணையைப் பார்த்தாலே அதன் உள்ளம் விளங்கும். ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிஷம். தாய்மொழிக்கு 40 நிமிஷம். சங்கீதம், சித்திரம், கணிதம் மூன்றுக்குமாக 40 நிமிஷம். சமூக அறிவுக்கும் விஞ்ஞானத்துக்கும் 30 நிமிஷம். நூல் நூற்கும்போதே எண்ணும் பூகோளமும் சரித்திரமும் கற்பிக்கலாம் என்பது கருத்து. கையையும் மூளையையும் பிரித்துவைத்த படிப்பை அது ஒரே அடியில் திருத்த முயன்றது. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவைச் சமாளிக்கலாம் என்ற பகுதி பலருக்குக் கவலை தந்தது. பள்ளிக்கூடம் பட்டறையாகிவிடுமே என்று அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தைவிடப் பெரிய அச்சம் ஒன்று தமிழ்நாட்டில் 1953-ல் எழுந்தது. அப்போது முதன் மந்திரியாயிருந்த ராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாக்கி, இரண்டு பிரிவாகப் பிள்ளைகளைச் சேர்த்து, எஞ்சிய நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று திட்டம் கொண்டுவந்தார். கட்டிடமும் பணமும் போதாத காலத்தில் இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்க ஒரு வழி என்பது அவர் தரப்பு நியாயம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பட்டணத்துப் பிள்ளைக்கு முழு நாள், கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள் என்று ஆனதும், அந்த அரை நாளில் தகப்பன் தொழிலையே கற்கவேண்டும் என்றதும், தலைமுறை தலைமுறையாகச் சாதியால் தொழில் விதிக்கப்பட்ட நாட்டில் எவ்வாறு காதில் விழுந்திருக்கும்? "குலக்கல்வி" என்ற பெயர் நிலைத்துவிட்டது. எதிர்ப்பு நாடெங்கும் மூண்டது. காங்கிரஸ் கட்சிக்குள்ளேயும் மூண்டது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் 13-ஆம் தேதி காமராஜ் முதன் மந்திரியானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

பாடத்திட்டம் வகுப்பவர்கள் என்றென்றும் நினைவில் வைக்கவேண்டிய பாடம் இது. கிராமத்துக் குழந்தைக்கு அதன் ஊரைப் பற்றிக் கற்பிப்பது ஒன்று. அதன் ஊரைவிட்டு வெளியே போகும் வழியை அடைத்துவிடுவது வேறு. முதலாவது கல்வி, இரண்டாவது சிறை. இரண்டுக்கும் இடையேயுள்ள கோடு மெல்லியது. அதைத் தாண்டுவது யார் கண்ணிலும் படாமலே நடந்துவிடும்.

மூன்று வழிகள்

உலகமெங்கும் பாடத்திட்டம் வகுப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். முதல் வழி, சாஸ்திரத்தை நடுவில் வைப்பது. கணிதம் என்றால் எண்ணிலிருந்து பின்னம், பின்னத்திலிருந்து இயற்கணிதம் என்று அந்தச் சாஸ்திரத்தின் படிக்கட்டிலேயே ஏறுவது. இதனால் அறிவு கோவையாக நிற்கும், குழந்தை அயர்ந்துவிடக்கூடும். இரண்டாவது வழி, குழந்தையை நடுவில் வைப்பது. அதன் வயது, விருப்பம், வேகம் ஆகியவற்றை அனுசரித்துப் பாடம் அமைப்பது. இதனால் குழந்தை மலர்ந்திருக்கும். கற்கவேண்டியவற்றில் சில விட்டுப்போகக்கூடும். மூன்றாவது வழி, வாழ்க்கைப் பிரச்னையை நடுவில் வைப்பது. குடிநீர், உடல்நலம், கடன், பயிர் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாச் சாஸ்திரங்களையும் அதற்கு உதவிக்கு அழைப்பது. இதனால் படிப்புக்குப் பொருள் உண்டாகும். உபாத்தியாயர் கெட்டிக்காரராயிராவிட்டால் எல்லாம் அரைகுறையாகும்.

அமெரிக்காவில் ரால்ஃப் டைலர் என்ற அறிஞர் 1949-ல் எழுதிய சிறு நூல் ஒன்றில் திட்டமிடுபவன் கேட்கவேண்டியவை நான்கே கேள்விகள் என்றார். என்ன நோக்கம்? அதை அடைய என்ன அநுபவங்களைத் தரவேண்டும்? அவற்றை எந்த ஒழுங்கில் வைக்கவேண்டும்? நோக்கம் நிறைவேறிற்று என்பதை எப்படி அறிவது? அந்த நாட்டவரேயான ஜெரோம் புரூனர் 1960-ல் மற்றொரு கருத்தைச் சொன்னார். பெரிய கருத்துகளைப் பெரிய வகுப்புவரை ஒத்திவைக்கவேண்டியதில்லை. சிறு வகுப்பிலேயே எளிய வடிவில் தொடங்கி, மேலே போகப் போக அதையே மறுபடி மறுபடி ஆழமாகச் சுற்றிவரலாம் என்றார். மலைப்பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே பள்ளத்தாக்கு ஒவ்வொரு வளைவிலும் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் உயரத்திலிருந்து தெரியும்.

நம் கருத்தில், மூன்று வழிகளில் ஒன்றை மாத்திரம் பிடிவாதமாகப் பற்றவேண்டியதில்லை. நோக்கத்தைச் சாஸ்திரம் நிர்ணயிக்கட்டும். வேகத்தைக் குழந்தை நிர்ணயிக்கட்டும். தொடங்கும் இடத்தை ஊர் நிர்ணயிக்கட்டும்.

ஓர் ஏரியிலிருந்து உலகம் வரையில்

இது வெறும் வார்த்தையாக நின்றுவிடாதபடி ஓர் உதாரணம் சொல்லுவோம். தென் ஆற்காட்டுக் கிராமங்களுக்கு ஏரி இன்றியமையாதது. எலவனாசூர்க்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைக்கு ஏரியைத் தெரியாமலிராது. அந்த ஏரியைப் பத்து வருஷப் படிப்புக்கும் ஒரு நூலிழையாகக் கொள்ளலாம்.

முதல் வகுப்பில் கரையில் காணும் கொக்கு, நாரை, தவளை, ஆம்பல் ஆகியவற்றின் பெயர்களே எழுத்துப் பாடம். மூன்றாம் வகுப்பில் கரையின் நீளத்தை அடியால் அளந்து, பிறகு மீட்டர் நாடாவால் அளந்து, ஏன் இரண்டும் வேறுபடுகின்றன என்று கேட்கலாம். அளவுகோல் ஏன் பொதுவாயிருக்கவேண்டும் என்பது அன்றே விளங்கிவிடும். ஐந்தாம் வகுப்பில், ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர் நீர் என்பதைப் பிள்ளைகளே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐப்பசி கார்த்திகையில் பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானியை வைத்து நாள்தோறும் குறித்துவந்தால், வடகிழக்குப் பருவக்காற்றைப் பற்றிப் புத்தகம் சொல்வது கண்ணால் கண்ட உண்மையாகும்.

எட்டாம் வகுப்பில் மதகு, கலங்கல், வாய்க்கால், ஆயக்கட்டு என்பவற்றிலிருந்து நீரின் அழுத்தத்துக்குப் போகலாம். மதகு ஏன் கரையின் அடியில் இருக்கிறது? கரை ஏன் கீழே அகன்று மேலே குறுகியிருக்கிறது? இரண்டுக்கும் விடை ஒன்றே. சரித்திரத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921-ஆம் வருஷங்களில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆட்களைத் தேர்ந்ததைச் சொல்லுகின்றன. அதைப் படிக்கும்போதே, வாரியத்தில் இடம்பெறச் சொந்த நிலம் இருக்கவேண்டுமென்ற விதியையும் படிக்கவேண்டும். நிலமில்லாதவனுக்கு வாக்கு உண்டா என்ற கேள்வியிலிருந்து இன்றைய அரசியல் சட்டத்துக்கு ஒரே எட்டுத்தான். பத்தாம் வகுப்பில், ஏரியில் மண் தூர்ந்தால் கொள்ளளவு எவ்வாறு குறைகிறது என்பதை வரைபடமாக எழுதலாம். நைல் நதியில் அஸ்வான் அணை கட்டியபின் வண்டல் கீழே போகாமல் தேங்கிய கதையை அதனோடு ஒப்பிடலாம்.

ஏரி இங்கே தொடங்கும் இடமேயன்றி முடியும் இடமன்று என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். பத்தாம் வகுப்பு முடிவில் எலவனாசூர்க்கோட்டைப் பிள்ளை அறிந்திருக்கவேண்டிய கணிதமும் விஞ்ஞானமும், சென்னை மயிலாப்பூர்ப் பிள்ளை அறிந்திருக்கவேண்டியவற்றிலிருந்து ஒரு முந்திரியும் குறையக் கூடாது. மயிலாப்பூர்ப் பிள்ளை கபாலீசுவரர் தெப்பக்குளத்திலிருந்து தொடங்கட்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து மலையாளி வகுப்புக் குழந்தை சாமைக் கொல்லையிலிருந்தும் ஓடையிலிருந்தும் தொடங்கட்டும். மல்லாட்டை என்று தென் ஆற்காட்டார் வழங்கும் நிலக்கடலையை விளைவிப்பவர் வீட்டுப் பிள்ளை அதன் வேர் முடிச்சிலிருந்து தாவர சாஸ்திரத்தில் நுழையட்டும். வாசல்கள் பலவாயிருக்கலாம். எல்லா வாசல்களும் ஒரே கூடத்தில் போய்ச் சேரவேண்டும்.

ஒரே பாடமும் ஒரே பரீட்சையும்

பொதுவான கூடம் என்ற இந்த எண்ணத்துக்காகத் தமிழ்நாடு சமீப காலத்தில் நெடுந்தூரம் நடந்திருக்கிறது. மாநிலப் பாடம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகையாகப் பிரிந்து கிடந்த படிப்பை ஒன்றாக்கச் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-ல் இயற்றப்பட்டது. அவ்வருஷம் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் அது தொடங்கிற்று. 2011-ல் ஆட்சி மாறியதும் அதை ஒத்திவைக்க முயற்சி நடந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஆகஸ்டு 9-ஆம் தேதி, அதை நிறைவேற்றியே தீரவேண்டுமென்று தீர்ப்பாயிற்று. அதுவரையில் பள்ளி திறந்தும் பாடப்புத்தகம் கைக்கு வராமல் பிள்ளைகள் காத்திருந்தார்கள். பெரியோர் வழக்காடும்போது குழந்தைகளின் 7,000 மணி நேரத்திலிருந்துதான் அபராதம் வசூலாகிறது!

2018-ல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்குப் புதுப் பாடத்திட்டம் வந்தது. அடுத்த வருஷம் மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. 2022-ல் சிறு வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டம் ஏற்பட்டது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் குழந்தைகள் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து அது கற்பிக்கிறது. எழுத்தறியாத பெற்றோரின் குழந்தைக்கு இது பெரிய அநுகூலம். பின்தங்கிய குழந்தை வகுப்பின் கடைசி வரிசையில் வாய்மூடி உட்கார்ந்தே மேல்வகுப்புக்குப் போய்விடும் கொடுமை இதனால் குறையுமானால், எந்தப் பாராட்டும் தகும்.

எனினும் எழுதிய திட்டத்தை எழுதாத திட்டமொன்று தோற்கடித்துவிடுகிறது. அதன் பெயர் பரீட்சை. பதினோராம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு, அந்த வருஷத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரண்டு வருஷம் ஒரே புத்தகத்தை உருப்போடச் செய்யும் வழக்கம் பல பள்ளிகளில் பரவியிருந்தது. அதைத் தடுக்கவே 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பிள்ளைகளின் மனச்சுமையைக் குறைக்க அந்தத் தேர்வை நீக்கிவிட்டது. வைத்ததும் நன்மை கருதி. எடுத்ததும் நன்மை கருதி. நோயோ பரீட்சை ஒன்று கூடுவதிலோ குறைவதிலோ இல்லை. டைலர் கேட்ட முதல் கேள்வியை மறந்து நான்காம் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டதில் இருக்கிறது. 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு கட்டாயமானபின், பணம் கொடுத்துத் தனியே பயிற்சி பெறக்கூடியவனுக்கு ஒரு பாடத்திட்டமும் மற்றவனுக்கு வேறொன்றுமாகப் பழைய பிரிவினை வேறு உருவத்தில் தலைகாட்டுவதையும் கவனிக்கவேண்டும். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே முழுக்கல்வி. வசதியுள்ள பிள்ளைக்கு அது பாதிக் கல்வி. இந்த வேற்றுமையைப் போக்காமல் புத்தகத்தின் அட்டையை ஒன்றாக்கிப் பயன் என்ன?

வீட்டார் செய்யக்கூடியது

"இவையெல்லாம் சென்னையில் முடிவாகும் விஷயங்கள், நாம் என்ன செய்வது?" என்று கேட்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் நிர்வாகக் குழு உண்டு, அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராயிருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாயிருக்கவேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போகும் தாய்மார்கள், சுண்ணாம்பு அடிப்பதையும் குழாய் ரிப்பேரையும் பற்றிப் பேசிய பிறகு, மூன்று கேள்விகளையும் கேட்டுவரட்டும். இவ்வருஷத்துப் பாடத்தில் எவ்வளவு உண்மையில் நடந்தது? நடந்ததில் எவ்வளவு என் குழந்தைக்குப் புரிந்தது? புரியாததைத் திரும்பச் சொல்லிக் கொடுக்க எப்பொழுது நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

நல்ல உபாத்தியாயர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். தமக்கு நேரம் போதவில்லை, சர்க்கார் கேட்கும் புள்ளிவிவரங்களை எழுதுவதிலேயே நாள் கழிகிறது என்று அவர் சொல்லுவாரானால், அதையும் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி மேலே அனுப்பலாம். பாடத்திட்டம் வகுப்பவர்களும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒரு வாரம் உட்கார்ந்து தாங்கள் எழுதிய பாடம் எவ்வாறு நடக்கிறது என்று பார்க்கவேண்டும். தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்காத தையற்காரனை யாரும் மறுபடி தேடிப்போவதில்லை.

எண்ணாயிரத்துக் கல்வெட்டு ஆயிரம் வருஷமாக மாறாமல் நிற்கிறது. கல்லுக்கு அது பெருமை. குழந்தைகளுக்கான திட்டம் கல்லில் எழுதக்கூடியதன்று. ஆண்டுதோறும் அழித்துத் திருத்தக்கூடிய பலகையில் எழுதவேண்டியது. ஆனால் அதன் தலைப்பில் ஒரு வரி மட்டும் அழியாமல் இருக்கட்டும்: எந்த ஊரில், எந்த வீட்டில் பிறந்த குழந்தையாயினும் அதற்குச் சேரவேண்டிய அறிவு முழுவதும் குறைவறச் சேரவேண்டும். எலவனாசூர்க்கோட்டையில் இவ்வாண்டு முதல் வகுப்பில் அடியெடுத்து வைத்த பெண் குழந்தைக்கு அவ்வாறு சேர்வதைப் பார்த்துக்கொள்வது நம் ஒவ்வொருவர் கடமையுமாகும்.